11 மணி மாத்திரையை யார் கொடுப்பது?

நமது அங்கத்தவர் வீடு ஒன்றில் நடந்ததை முதலில் சொல்கிறோம். குடும்பத்தின் பேரும் தோட்டத்தின் பேரும் இங்கே வேண்டாம். வாசிக்கும்போது உங்கள் லயத்திலேயே யாராவது ஒருவர் ஞாபகத்துக்கு வரக்கூடும்.

அந்த அம்மா 30 வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். மலையில் முதல் ஆளாக நிரை முடிப்பவர். 55 வயது தாண்டியதும் கிலோ குறைய ஆரம்பித்தது. இடது கை போகும் வேகத்துக்கு வலது கை போகவில்லை. கங்காணி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு அரைப்பேர் விழுந்தது. "வேலைக்கு மனசு இல்ல" என்று பெரட்டுக் களத்தில் பேச்சு வந்தது. ஆறு மாதம் கழித்து, மடியில் சும்மா வைத்திருக்கும்போதே அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. டிஸ்பென்சரியில் வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். எண்ணெய் பூசினார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இரண்டு வருடம் இப்படியே போய்விட்டது. கடைசியில் டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவர் நடந்து வருவதைப் பார்த்தே சந்தேகப்பட்டு, நரம்பியல் கிளினிக்குக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அங்கே பார்க்கின்சன் நோய் என்றார்கள். தமிழில் இதை நடுக்குவாதம் என்கிறோம்.

மாத்திரை தொடங்கியதும் அந்த அம்மா கொஞ்சம் எழுந்து நடமாடினார். காலை 6 மணிக்கு ஒன்று, 11 மணிக்கு ஒன்று, பின்னேரம் 4 மணிக்கு ஒன்று. 6 மணி மாத்திரையை மருமகள் கொடுத்துவிட்டு மலைக்குப் போவார். 4 மணி மாத்திரையைப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி கொடுப்பாள். மகன் கொழும்பில் கடையில் வேலை. 11 மணிக்கு வீட்டில் யாரும் இல்லை. நடுங்கும் விரலால் மாத்திரை அட்டையைப் பிரிக்க அந்த அம்மாவால் முடியாது. மத்தியானம் மருமகள் ஓடி வந்து பார்த்தால், மாமியார் கட்டிலில் மரக்கட்டை மாதிரி இருப்பார். ஒரு நாள் கக்கூசுக்குப் போகும் வழியில் கானுக்குள் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அதற்குப் பிறகு மருமகள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

அந்த வீட்டில் இப்போது செக்ரோலில் யார் பேரும் இல்லை.

ஒரு மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க ஆள் இல்லாததால் ஒரு குடும்பம் இந்த நிலைக்கு வந்தது. இதை அந்த வீட்டுப் பிரச்சினை, அந்த மருமகளின் தலையெழுத்து என்று விட்டுவிட முடியாது என்பதே எங்கள் கருத்து. நடுக்குவாதம் வந்த தாயையோ தகப்பனையோ பார்ப்பது ஒரு வேலை. அதை ஒரு பெண்ணின் தலையில் மட்டும் கட்டாமல் வீடும், லயமும், தோட்டமும், சங்கமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இது என்ன நோய்?

லண்டனில் இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் 1817 ஆம் ஆண்டில் இந்த நோயைப் பற்றி எழுதினார். அதனால் அவர் பேரிலேயே அழைக்கிறார்கள். நமது உடல் அசைவை ஒழுங்குபடுத்த மூளையில் டோபமின் என்ற ஒரு பொருள் சுரக்கிறது. அதைச் சுரக்கும் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து போவதால் இந்த நோய் வருகிறது. இது தொற்று நோய் இல்லை. செய்வினை இல்லை. போன பிறவிப் பாவமும் இல்லை. 2019 இல் உலகம் முழுவதும் 85 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயோடு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

பெரும்பாலும் 60 வயதை ஒட்டி வருகிறது. 50 வயதுக்கு முன்னரே வருபவர்களும் உண்டு. முதலில் ஒரு பக்கம்தான் பாதிக்கப்படும். கை சும்மா இருக்கும்போது நடுங்கும். எல்லோருக்கும் நடுக்கம் வருவதில்லை. சிலருக்கு உடல் விறைப்பும் வேகம் குறைவதும் மட்டுமே தெரியும். நடக்கும்போது ஒரு கை வீசாது. கையெழுத்து சிறிதாகிக்கொண்டே போகும். அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே மூக்குக்கு வாசனை தெரியாமல் போவதும், மலச்சிக்கலும், தூக்கத்தில் கத்திக் கை கால் உதறுவதும் இருந்திருக்கலாம். இதை உறுதிப்படுத்த ஒரு இரத்தப் பரிசோதனை போதாது. நரம்பியல் வைத்தியர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கண்டி பெரியாஸ்பத்திரி போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிகளின் நரம்பியல் கிளினிக்கில் காசு கட்டாமல் காட்டலாம்.

இதை முற்றாகக் குணப்படுத்த இன்னும் மருந்து இல்லை. ஆனால் லெவோடோபா போன்ற மாத்திரைகளால் பல வருடங்கள் நடமாடலாம், தன் வேலையைத் தானே பார்க்கலாம். ஒழுங்காகவும் நேரத்துக்கும் குடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

"மருந்தடிச்சதாலதான் வந்துச்சா?" என்று பழைய ஆட்கள் கேட்கிறார்கள். ஒரு தனி ஆளுக்கு இன்னதால்தான் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பூச்சிகொல்லி, களைகொல்லிகளோடு பழகியவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றில் அதிகம் பேசப்படுவது பரகுவாட். நமது ஆட்கள் கிரமக்சோன் என்று சொல்லி, கையுறையும் முகமூடியும் இல்லாமல் தோளில் டாங்கியைச் சுமந்து அடித்தது அதைத்தான். 2008 க்கும் 2011 க்கும் இடையில் இலங்கை அதைப் படிப்படியாக நிறுத்தியது. மருந்தடிப்பு வேலை செய்த அப்பாமார் கிளினிக்குக்குப் போகும்போது அதை டாக்டரிடம் சொல்லுங்கள். இன்று மருந்தடிக்கும் பிள்ளைகள் பாதுகாப்பு உடுப்பு இல்லாமல் டாங்கியைத் தூக்காதீர்கள்.

நாம் தப்பாக விளங்கிக்கொள்வது

இந்த நோய் வந்தவரை நோயை விட நமது வாய்தான் அதிகம் வதைக்கிறது. ஆண்களுக்குக் கை நடுங்கினால் "காலையிலேயே போட்டுட்டான்" என்கிறோம். ஒரு நாளும் சாராயத்தைத் தொடாத மனிதரும் இந்தப் பேச்சுக்குப் பயந்து கோயில் திருவிழாவுக்குக் கூட வராமல் காம்பராவுக்குள் முடங்கிவிடுகிறார். பெண்களுக்குக் கை மெதுவாகினால் சோம்பேறி என்கிறோம்.

வீட்டுக்குள் நடப்பது இன்னும் பெரிது. இந்த நோயில் முகத்துத் தசைகளும் விறைக்கும். சிரிப்பு முகத்துக்கு வராது. குரல் சன்னமாகிவிடும். "எவ்வளவு செஞ்சாலும் அத்தை மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு" என்று மருமகள் நினைக்கிறார். "நான் பேசுறத யாரும் காதுல வாங்குறதில்ல" என்று மாமியார் நினைக்கிறார். இரண்டு பேர் மேலும் பிழை இல்லை. இது தெரியாததால் ஒரே காம்பராவுக்குள் இரண்டு அடுப்பு எரிந்த கதையும் நமக்குத் தெரியும்.

சிலருக்கு ராத்திரியில் இல்லாத ஆட்கள் நிற்பதாகத் தோன்றும். உடனே பேய் பிடித்தது என்று பூசாரியிடம் ஓடுகிறோம். நோயாலும் இது வரும், மாத்திரையின் அளவாலும் வரும். கிளினிக்கில் சொன்னால் மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கும்பிட வேண்டாம். இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டில் செய்யக்கூடியது

மாத்திரையைத் தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் குடித்தால் நன்றாக வேலை செய்யும். வயிற்றைப் பிரட்டினால் என்ன செய்யலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். பருப்பு, முட்டை, மீன் நிறையச் சாப்பிட்ட கையோடு குடித்தால் சிலருக்கு மருந்து பிடிக்காது. அதற்காக அவற்றை நிறுத்திவிடாதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். இரும்புச் சத்து மாத்திரை குடிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குடிக்காமல் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் என்ற மருந்து இந்த நோயைக் கூட்டும். ஆகவே டிஸ்பென்சரிக்குப் போனாலும் எந்த ஆஸ்பத்திரியில் நிறுத்தினாலும் "இவருக்குப் பார்க்கின்சன்" என்று முதலில் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.

வாசற்படியிலும் ஒடுங்கிய இடத்திலும் அவர்களின் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்கள். கொஞ்சம் நிற்க விட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக் கொடுங்கள். இஸ்தோப்பில் ஒரு அடி எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒரு கோடாகச் சுண்ணாம்பால் போட்டு விடுங்கள். கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் கால் எடுத்து வைக்க முடியும். தாளமும் உதவும். தப்பு அடித்துப் பழகிய ஒரு பெரியவர் வாசலில் நின்றுவிட்டால், பேரன் பலகையில் தட்டிக் காட்டுவானாம். அந்தத் தட்டுக்குக் கால் நகர்ந்துவிடும். இது வேடிக்கை அல்ல. வைத்தியசாலைகளில் நடைப் பயிற்சி கொடுப்பவர்களும் இப்படித்தான் தாளம் வைத்துப் பழக்குகிறார்கள்.

படுக்கையிலிருந்து சட்டென எழும்பினால் தலை சுற்றும். முதலில் உட்கார்ந்து, பிறகு எழும்பச் சொல்லுங்கள். விழுங்கக் கஷ்டப்பட்டால் காய்ந்த ரொட்டியைக் கொடுக்காமல் குழைத்த சோறு, கஞ்சி கொடுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு சிறு வாயாகக் கொடுங்கள். தண்ணீரும் கீரையும் மலச்சிக்கலுக்கு உதவும். ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் நடக்க வைப்பது மாத்திரைக்கு அடுத்த மருந்து. உடுப்பு மாட்ட அரை மணித்தியாலம் எடுத்தாலும் முடிந்ததை அவர்களே செய்யட்டும். எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால் இருக்கும் பலமும் போய்விடும்.

மகன்மாருக்கு ஒரு வார்த்தை. கொழும்பிலிருந்து காசு அனுப்புவது கடமையின் ஒரு பகுதிதான். லீவுக்கு வரும்போது இரண்டு நாளாவது அம்மாவைக் குளிப்பாட்டி, ராத்திரி எழும்பிப் பார்த்து, உங்கள் மனைவியைத் தூங்க விடுங்கள். தோட்டத்தில் இருக்கும் ஆண்கள் கிளினிக் நாளில் கூடப் போங்கள். பார்ப்பவரும் மனுசர்தான். அவருக்கும் இடுப்பு வலிக்கும், கோபம் வரும், அழுகை வரும். "நீ ஒரு ஆளாப் பாக்குற" என்று ஒரு சொல் சொல்லக்கூட நமக்கு மனம் வருவதில்லை.

லயமும் தோட்டமும் சங்கமும்

மலைக்குப் போகும் தாய் தன் குழந்தையை எங்கே விடுவாள் என்ற கேள்விக்குத் தோட்டத்தில் பதில் இருக்கிறது. பிள்ளைக் காம்பரா இருக்கிறது, அங்கே பார்க்க ஒருவர் இருக்கிறார். குழந்தையைப் பார்ப்பது தோட்டத்தின் பொறுப்பு என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தோட்டத்துக்கே 30 வருடம் உழைத்த தாய் படுத்துவிட்டால், அவரை எங்கே விட்டுவிட்டு மலைக்குப் போவது? இதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் ஒரு பெண்ணின் பேர் செக்ரோலிலிருந்து போகிறது.

அந்தப் பேர் போவதால் என்னென்ன போகிறது என்று கணக்குப் பாருங்கள். 2024 இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதம் 20 நாள் என்று வைத்தாலும் 27,000 ரூபா. அதோடு தோட்டம் கட்டும் 12 வீத ஊழியர் சேமலாப நிதியும் 3 வீத ஊழியர் நம்பிக்கை நிதியும் நின்றுவிடுகின்றன. சேவைக்காலப் பணமும் அதற்கு மேல் வளராது. மாமியாரைப் பார்ப்பதற்காக மருமகள் தன் முதுமைக் காலத்துக் காசையும் சேர்த்து இழக்கிறார்.

ஆகவே லயத்தில் நாம் செய்யக்கூடியதை இன்றைக்கே தொடங்கலாம். ஓய்வு பெற்ற அம்மாமார் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். 11 மணிக்கு ஒருவர் எட்டிப் பார்த்து மாத்திரையைக் கொடுத்து, கக்கூசுக்குக் கூட்டிப் போய் வர கால் மணித்தியாலம் போதும். கிழமைக்கு ஒருவர் என்று முறை வைத்தால் யாருக்கும் பாரமில்லை. செத்த வீட்டுக்கு லயமே திரண்டு நிற்கும் வழக்கம் நமக்கு இருக்கிறது. உயிரோடு இருப்பவருக்கும் அந்த வழக்கத்தில் ஒரு பங்கு கொடுப்போம். இதை ஒழுங்குபடுத்துவது மாதர் தலைவியின் வேலையாக இருக்கட்டும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டியது நான்கு.

முதலாவது, வைத்தியத் துண்டு உள்ளவருக்குக் கிலோ குறைந்ததற்காக அரைப்பேர் போடக் கூடாது. சரிவு மலை, கவ்வாத்துக் கத்தி, இயந்திரம் இவற்றிலிருந்து எடுத்து, தவறணையில் தண்ணீர் ஊற்றுவது போன்ற இலகு வேலை கொடுக்க வேண்டும். மாத்திரை பிடித்தவர்கள் இன்னும் பல வருடம் வேலை செய்யக்கூடியவர்கள்.

இரண்டாவது, வீட்டில் பார்க்க வேறு ஆள் இல்லாத தொழிலாளி மாத்திரை நேரத்துக்குப் போய் வரவும், கிளினிக் நாளில் கூடப் போகவும் பேர் வெட்டாமல் அனுமதி வேண்டும்.

மூன்றாவது, கிளினிக் நாளில் மெயின் ரோட்டு வரைக்குமாவது தோட்டத்து வாகனம் வேண்டும். விறைத்த காலோடு மூன்று, நான்கு கிலோமீற்றர் இறங்கி நடந்து பஸ் பிடிக்க முடியாது.

நான்காவது, அப்படிப்பட்ட வீட்டுக்குக் கக்கூசுப் பாதையில் கைப்பிடிக் கம்பியும், படிக்குப் பதில் சிமெந்துச் சரிவும் போட்டுக் கொடுக்க வேண்டும். இதைத் தோட்டத்திடமும் டிரஸ்டிடமும் கேட்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இந்த நோயாளியை வைத்துப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது, தனி வீட்டுக் கோரிக்கைக்கு நம் கையிலுள்ள இன்னொரு நியாயம்.

அரசாங்கத்திடம் கேட்பது ஒன்று. மருந்து எப்படிக் குடிப்பது என்பதைக் கிளினிக்கில் தமிழில் சொல்லவும் எழுதித் தரவும் ஆள் வேண்டும். நேரம் தவறினால் வேலை செய்யாத மருந்தை, விளங்காத பாஷையில் எழுதிக் கொடுத்துப் பயன் இல்லை.

வேலையை விடும் முன்

இனி வேலை செய்யவே முடியாது என்ற நிலை வந்தால், தலைவரைக் கேட்காமல் எந்தக் கடிதத்திலும் ஒப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டாம். சேமலாப நிதியை எடுக்கப் பெண்களுக்கு 50 வயதும் ஆண்களுக்கு 55 வயதும் ஆக வேண்டும். ஆனால் நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் சான்று கொடுத்து வேலையை விட்டால், அந்த வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. 5 வருடம் வேலை செய்தவருக்கு 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என்பது கணக்கு. வேலையை விட்ட 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். அஸ்வெசுமத் திட்டத்தில் அங்கவீனருக்கும் முதியோருக்கும் கொடுப்பனவு இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்து விண்ணப்பம் போடுங்கள்.

இன்னொன்று, கையெழுத்து சிறுத்துப் போவதால் பழைய ஒப்பம் பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பிய சம்பவம் நமக்குத் தெரியும். நோய் தெரிந்ததும் வைத்தியர் துண்டோடு போய் ஒப்பத்தைப் புதுப்பித்துவிடுங்கள், அல்லது கைநாட்டுக்கு மாற்றுங்கள்.

வரும் மாதம் ஒவ்வொரு பிரிவிலும் தலைவரும் மாதர் தலைவியும் லயம் லயமாகப் போய், இப்படிப் படுத்திருப்பவர் எத்தனை பேர், அவர்களைப் பார்ப்பதற்காக வேலையை விட்டவர் எத்தனை பேர் என்று எழுதி எடுங்கள். அந்தக் கணக்கு கையில் இல்லாமல் துரையிடமோ கம்பெனியிடமோ பேசப் போக முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மருமகளும் மகளும் மலைக்குப் போன பிறகு, 11 மணி மாத்திரையை யார் கொடுக்கிறார்கள்? "யாரும் இல்லை" என்று எந்த வீட்டில் பதில் வருகிறதோ, சங்கத்தின் வேலை அந்த வீட்டிலிருந்து ஆரம்பிக்கட்டும்.